ஒப்பந்தக்காரர் பட்டுவாடாவும் வருமானவரிக் கணக்கறிக்கையும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் உறுப்பினருக்கு நெசவுக் கூலியையோ கொள்முதல் விலையையோ கொடுப்பதோடு அதன் பட்டுவாடா முடிந்துவிடுவதில்லை. நூல் பேல்களை இறக்கும் மேஸ்திரி, துணி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்லும் லாரிச் சொந்தக்காரர், நூலுக்குச் சாயம் தோய்த்துத் தருபவர், சுங்க அலுவலகத்தில் காகிதங்களை நகர்த்தும் கிளியரிங் ஏஜெண்டு, கிடங்கின் கூரையைப் பழுது பார்ப்பவர் என்று, சங்கத்தின் சம்பளப் பட்டியலில் இடம்பெறாத பலருக்கும் ஆண்டு முழுவதும் பணம் சென்றுகொண்டே இருக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் இத்தகையோரின் தொகை மிகுதி. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட நாள்தொட்டு, சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் இங்கு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்து வந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்தோடு 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் சேர்ந்தன. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் எழுந்த மோட்டார்த் தொழிற்சாலைகளைச் சுற்றி லேத்துப் பட்டறைகள் தோன்றின. மாதச் சம்பளமின்றி, வேலைக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் பெறுவோரே இங்குப் பெரும்பாலோர். இவர்களுக்கு நாம் கொடுக்கும் பணத்தை வருமானவரி இலாகாவுக்கு எவ்வாறு தெரிவிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் காரியதரிசிகள் பலர் கூறும் விடை ஒன்றுண்டு: "நமது சங்கத்துக்கு வருமான வரியே கிடையாது, பிறகு இந்தத் தொல்லை எதற்கு?" குடிசைத் தொழில் நடத்தும் சங்கங்களுக்கும், உறுப்பினரின் விளைபொருளை விற்றுக் கொடுக்கும் சங்கங்களுக்கும் அவ்வகை வருமானத்தின்மேல் சட்டம் கழிவு அளித்திருப்பது மெய்தான். ஆனால் இங்கே பேசப்படும் வரி சங்கத்தின் வரியன்று. பணம் வாங்குகிறவரின் வரி. அதைப் பிடித்து அனுப்பும் பொறுப்பும், இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று தெரிவிக்கும் பொறுப்பும் மட்டுமே நம்முடையவை. தனிப்பட்ட வியாபாரி ஒருவரின் விற்றுமுதல் முந்திய ஆண்டில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியிருந்தாலன்றி இப்பொறுப்பு அவரைச் சேராது. கூட்டுறவுச் சங்கத்தையோ சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. விற்றுமுதலைப் பற்றிய வரம்பு ஏதும் வைக்கவில்லை. ஆண்டுக்கு 90 இலட்சத்துக்கு விற்கும் ஜவுளிக் கடைக்காரருக்கு இல்லாத கடமை, அடுத்த தெருவில் 20 இலட்சத்துக்கு விற்கும் நெசவாளர் சங்கத்துக்கு உண்டு. இது நியாயமா என்று கேட்கலாம். சட்டம் அவ்வாறுதான் இருக்கிறது.

ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகையில் வரி பிடிக்கும் முறை 1972 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் உள்ளது. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் இதற்குரிய பிரிவு 194சி. அச்சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐத் தன் தொடக்க நாளாகக் கொண்டது. தனித்தனியே சிதறிக் கிடந்த பிடித்தப் பிரிவுகளை அது 393 என்னும் ஒரே பிரிவின் அட்டவணைக்குள் அடக்கியிருக்கிறது. அந்த நாளுக்கு முந்திய பட்டுவாடாக்களுக்குப் பழைய சட்டமே அளவுகோல். நம் குமாஸ்தாக்களுக்குப் பழகிய எண்களையே இங்குக் கையாளுகிறேன். பிரிவின் எண்ணும் படிவத்தின் எண்ணும் மாறினாலும், செய்ய வேண்டிய காரியம் மாறிவிடவில்லை.

முதலில் தெளிய வேண்டுவது, கொடுக்கும் பணம் வேலைக்கான கூலியா, சரக்கின் விலையா என்பதாகும். நாம் நூலைக் கொடுத்து, இன்ன நிறத்தில் தோய்த்துத் தருக என்று சொல்லிப் பணம் கொடுத்தால் அது வேலை, பிடித்தத்துக்கு உரியது. சாயப்பட்டறைக்காரர் தம் சொந்த நூலைத் தோய்த்து நம்மிடம் விற்றால் அது விலை. இப்பிரிவு அதைத் தொடாது. நெசவுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சங்கத்தின் நூலை வாங்கிச் சென்று தம் வீட்டுத் தறியில் நெய்து கொடுக்கும் நெசவாளர் பெறுவது வேலைக்கான தொகை. சங்கத்தின் கொட்டகையில், சங்கத்தின் மேற்பார்வையில், நேரக் கணக்கில் பணியாற்றுபவர் பெறுவது சம்பளம். சம்பளத்துக்கு விதி வேறு. ஆண்டு வருமானம் வரி வரம்பைத் தாண்டினாலன்றி அதில் பிடித்தம் இல்லை. உறுப்பினர் என்னும் ஒரே காரணத்தால் ஒருவருக்கு 194சி-யிலிருந்து விலக்குக் கிடையாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிர்வாகக் குழுவினர் இதைக் கேட்டு முகம் சுளிப்பது இயல்பே.

விவசாய உறுப்பினர்களின் நிலை எளிது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நெல்லையும் காய்கறியையும் சங்கம் வாங்குவது சரக்குக் கொள்முதல். அதில் ஒப்பந்த வேலை ஏதுமில்லை. அதை எடை போட்டு ஏற்றும் கூட்டத்துக்கும், கொண்டுவரும் வண்டிக்கும் கொடுக்கும் பணமே நம் கவனத்துக்கு உரியது.

இனி அளவைக் காண்போம். ஒரே தடவையில் ரூ. 30,000-க்கு மேல் கொடுத்தாலோ, ஓர் ஆண்டில் ஒருவருக்குக் கொடுத்த மொத்தத் தொகை ரூ. 1,00,000-ஐத் தாண்டினாலோ பிடித்தம் செய்ய வேண்டும். தனி நபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் நூற்றுக்கு 1. கூட்டு வியாபாரம், கம்பெனி முதலிய மற்றவர்களுக்கு நூற்றுக்கு 2. யார் எந்த வகை என்று தேடி அலைய வேண்டியதில்லை. அவரது பான் எண்ணின் நான்காவது எழுத்தே அதைச் சொல்லிவிடும்: 'பி' என்றால் தனி நபர், 'எச்' என்றால் கூட்டுக் குடும்பம், 'எஃப்' என்றால் கூட்டு வியாபாரம், 'சி' என்றால் கம்பெனி.

ரூ. 34,000-க்குப் பில் வந்தால் பிடித்தம் 34,000-க்கும் உண்டு; 30,000-க்கு மேற்பட்ட 4,000-க்கு மட்டும் என்று கணக்கிடுவது தவறு. பில்லைத் துண்டுபோட்டு 30,000-க்குக் கீழ் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஆண்டு மொத்தம் என்ற இரண்டாவது வரம்பு இதற்காகவே வைக்கப்பட்டது. பேல் இறக்கும் மேஸ்திரி ஒருவருக்கு மாதம் ரூ. 18,000 கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் ஆகஸ்டு முடிய ரூ. 90,000 ஆகிறது, பிடித்தம் இல்லை. செப்டம்பரில் மொத்தம் ரூ. 1,08,000 ஆகிறது. அம்மாதம் 18,000-க்கு மட்டுமன்றி 1,08,000 முழுமைக்கும் நூற்றுக்கு 1 வீதம் ரூ. 1,080 பிடித்து, அவர் கையில் ரூ. 16,920 கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் ரூ. 180 போதும். ஏப்ரலிலேயே இதை மேஸ்திரியிடம் சொல்லி வைத்தால் செப்டம்பரில் வாய்ச்சண்டை எழாது.

அந்த மேஸ்திரியிடம் பான் எண் இல்லாவிட்டால் என்ன ஆகும்? விகிதம் நூற்றுக்கு 20 ஆகிவிடும். 1,08,000-க்கு ரூ. 21,600, அம்மாதப் பில் தொகை முழுவதையும் விழுங்கியும் பற்றாது. எண் இருந்தும் ஆதார் எண்ணோடு இணைக்கப்படாமையால் அது செயலிழந்திருந்தாலும் இதே கதிதான். ஆகையால் முதல் வவுச்சருக்குக் கையெழுத்து வாங்கும் அன்றே பான் எண்ணின் நகலையும் வாங்கி, எண் நடைமுறையில் உள்ளதா என்று பார்த்துவிடுவது காரியதரிசியின் கடமையாகும்.

"எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, 15ஜி படிவம் எழுதித் தருகிறேன், பிடிக்காதீர்கள்" என்று மேஸ்திரியோ நெசவாளரோ கேட்கலாம். சேமிப்பு வட்டி போன்ற சிலவற்றுக்கே அப்படிவம் செல்லும். ஒப்பந்த வேலைக்குச் செல்லாது. பல சங்கங்களின் கோப்புகளில் இப்படிவங்கள் கற்றையாகக் கிடப்பதைக் காண்கிறேன். அவற்றால் சங்கத்துக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை. வருமானவரி அதிகாரியிடம் விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்துக்குச் சான்றிதழ் பெறுவது ஒரு வழி. வரி பிடிக்கப்பட்ட பின்னர், ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுவது மற்றொரு வழி. 2025-26 முதல் புதிய முறையில் ரூ. 4 இலட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லையாதலால், நம் நெசவாளர்களில் மிகப் பெரும்பாலோர் பிடித்த தொகை முழுவதையும் திரும்பப் பெறத் தக்கவர்களே. ஆனால் அது அவர்கள் கைக்கு வந்து சேருவது சங்கம் அனுப்பும் கணக்கறிக்கையைப் பொறுத்திருக்கிறது. அதைப் பின்னர்க் கூறுவேன்.

லாரிச் சொந்தக்காரர்களின் விஷயம் இந்த வட்டாரத்துக்கு முக்கியமானதாதலால் சற்று விரிவாகப் பார்ப்போம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலை நோக்கி வரிசையில் நிற்கும் டிரெய்லர்களில் பல, ஒன்று இரண்டு வண்டி வைத்திருப்போருடையவை. பத்து அல்லது அதற்குக் குறைந்த சரக்கு வண்டிகளை உடையவர், "ஆண்டில் எந்த நாளிலும் எனக்குப் பத்துக்கு மேல் வண்டி இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பான் எண்ணோடு கொடுத்தால், அவருக்குப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை. இச்சலுகை முன்னர் வண்டிக்காரர் அனைவருக்கும் இருந்தது. பெரிய கம்பெனிகளும் அதன் நிழலில் ஒதுங்கியதால், 2015 ஜூன் 1 முதல் பத்து வண்டி என்ற எல்லை வகுக்கப்பட்டது. பத்து என்ற எண் ஏன் என்றால், அந்த அளவுக்குட்பட்டவர் கணக்குப் புத்தகம் வைக்காமலே வண்டி ஒன்றுக்கு மாதம் இவ்வளவு இலாபம் என்று காட்டி வரி செலுத்தலாம் என்னும் ஏற்பாடு முன்னமே சட்டத்தில் உள்ளது. சிறு வண்டிக்கு மாதம் ரூ. 7,500, 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு எடையில் டன் ஒன்றுக்கு ரூ. 1,000.

பிடித்தம் இல்லை என்றதும் நம்மவர்கள் அத்தோடு கோப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். குறை இங்கேதான் நேருகிறது. பிடிக்காமல் கொடுத்த தொகையையும், இன்ன பான் எண் உடையவருக்கு இவ்வளவு கொடுத்தோம், உறுதிமொழி பெற்றமையால் பிடிக்கவில்லை என்று காலாண்டுக் கணக்கறிக்கையில் எழுதியே தீர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பிடித்தத்திலிருந்துதான் விலக்கு, தெரிவிப்பதிலிருந்து அன்று. உறுதிமொழி தராதவருக்கு, ஒற்றை வண்டிக்காரராயினும், பிடித்தம் செய்யத்தான் வேண்டும். பதினோராவது வண்டி வாங்கியதும் பழைய உறுதிமொழி பயனற்றுப் போகும். ஆண்டுதோறும் ஏப்ரலில் புதிதாக எழுதி வாங்குவது நலம்.

கிளியரிங் ஏஜெண்டுகள் சுதந்தரமான ஒப்பந்தக்காரர்களே என்று மத்திய நேரடி வரி வாரியம் 1995 ஆகஸ்டு 8-ஆம் தேதியிட்ட 715-ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது. ஆதலின் அவர் கூலியும் 194சி-யின் கீழ் வரும். அவர் நம் சார்பில் கட்டிய துறைமுகக் கட்டணத்தையும் தம் கூலியையும் ஒரே பில்லில் கலந்து எழுதினால் முழுத் தொகைக்கும் பிடிக்க நேரும். சங்கத்தின் பெயரிலான ரசீதுகளோடு செலவைத் தனிப் பில்லாகக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. தனியே காட்டப்பட்டிருந்தால் அதன்மேல் பிடித்தம் வேண்டாம் என்பது 2017-இல் வெளிவந்த 23-ஆம் எண் சுற்றறிக்கை. பில்லில் கலந்து எழுதியிருந்தால் அதற்கும் சேர்த்துப் பிடிபடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆடிட்டர், வக்கீல் கட்டணம் ஆண்டுக்கு ரூ. 50,000-க்கு மேற்பட்டால் நூற்றுக்கு 10. விற்பனைத் தரகு ரூ. 20,000-க்கு மேல் போனால் நூற்றுக்கு 2. கிடங்கு வாடகை மாதம் ரூ. 50,000-ஐத் தாண்டினால் நூற்றுக்கு 10. முந்திய ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கு மேற்பட்ட பெரிய சங்கம், ஒரே நூற்பாலையிடம் ஆண்டில் 50 இலட்சத்துக்கு மேல் நூல் வாங்கினால், மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு 0.1 பிடிக்க வேண்டும். இது 2021 ஜூலை 1 முதல் உள்ளது. பெரும்பாலான நம் சங்கங்களுக்கு இக்கடைசி விதி எட்டாது.

பிடிக்கும் சங்கத்துக்குப் பான் எண் அன்றி, டான் எனப்படும் வேறொரு பத்தெழுத்து எண்ணும் வேண்டும். சென்னையில் வழங்கப்படுவது 'சி.எச்.இ.' என்ற மூன்றெழுத்தில் தொடங்கும். பிடித்த தொகையை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சர்க்கார் கணக்கில் கட்ட வேண்டும்; மார்ச்சு மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை. வேலைக்காரர் கணக்கில் வரவு வைத்த நாள், பணம் கொடுத்த நாள் இவற்றுள் எது முந்தியதோ அதுவே பிடித்த நாள். தற்காலிகக் கணக்கு என்று பேரேட்டில் பெயர் மாற்றி எழுதினாலும் தப்ப முடியாது. முன்பணத்துக்கும் இவ்விதி உண்டு.

அதன்பின் காலாண்டுக் கணக்கறிக்கை. 26க்யூ என்று நாம் அறிந்த இவ்வறிக்கையில்தான் ஒவ்வொருவரின் பான் எண், கொடுத்த தொகை, பிடித்த வரி, பணம் கட்டிய சலானின் விவரம் யாவும் இடம்பெறும். பாங்கில் பணம் கட்டுவதோடு சங்கத்தின் வேலை முடிந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. சலானில் சங்கத்தின் பெயர்தான் இருக்கிறது; சாயம் தோய்த்தவரின் பெயர் அதில் இல்லை. கணக்கறிக்கை போனால்தான் அந்தப் பணத்தில் இவ்வளவு இன்னாருடையது என்பது இலாகாவுக்குத் தெரியும், அவருடைய 26ஏ.எஸ். கணக்கில் வரவாகும். ஓர் எழுத்து மாறினால் வரவு அவருக்குச் சேராது. திருத்த அறிக்கை அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டபின் 'டிரேசஸ்' தளத்திலிருந்து 16ஏ சான்றிதழை இறக்கிக் கொடுக்க வேண்டும். சங்கத்தின் கடிதத்தாளில் கையால் எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் எங்கும் செல்லாது.

எங்கள் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். சாயப்பட்டறைக்காரர் ஒருவருக்கு ஆண்டில் ரூ. 6,20,000 கொடுத்து, ரூ. 6,200 பிடித்து, மாதந்தவறாமல் பாங்கில் கட்டியும் விட்டார்கள். கணக்கு எழுதிய குமாஸ்தா விலகிப் போக, நான்கு காலாண்டுக்கும் அறிக்கை அனுப்பப்படவில்லை. மூன்று கூலியாட்களை வைத்துத் தொழில் நடத்தும் அப்பெரியவர் தம் கணக்கைத் தாக்கல் செய்தபோது, அவர் பெயரில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வவுச்சர்களைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். "பிடித்த பணம் எங்கே போயிற்று ஐயா?" என்று அவர் கேட்டதற்கு அங்கிருந்தோரிடம் விடையில்லை. பணத்தை யாரும் களவாடவில்லை. சர்க்கார் கஜானாவில்தான் இருந்தது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது தொலைந்த பணம்.

அறிக்கைகளைப் பிந்தி அனுப்பியபோது சங்கத்துக்கு நேர்ந்த நஷ்டமும் சிறிதன்று. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ. 200; பிடித்த வரியின் அளவே அதற்கு உச்ச வரம்பு. காலாண்டு ஒன்றுக்கு வரி ரூ. 1,550 ஆகையால் எட்டாம் நாளிலேயே வரம்பு எட்டிவிட்டது. நான்கு காலாண்டுக்கும் சேர்த்துச் சங்கம் மீண்டும் ஒரு ரூ. 6,200 கட்டிற்று. அது உறுப்பினர்களின் பணம். இதற்குமேல், அறிக்கை தராமைக்கும் பிழையான விவரம் தந்தமைக்கும் ரூ. 10,000 முதல் ஒரு இலட்சம் வரை அபராதம் விதிக்கவும் அதிகாரம் உண்டு. பிடிக்க வேண்டியதைப் பிடிக்காவிட்டால் மாதம் நூற்றுக்கு 1 வட்டி. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாதம் நூற்றுக்கு ஒன்றரை. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். பிடிக்காத செலவில் நூற்றுக்கு 30-ஐச் செலவாக ஏற்க மறுக்கும் விதியும் உள்ளது. வருமானம் முழுவதற்கும் கழிவு பெறும் சங்கத்துக்கு அது உறைக்காமற் போகலாம். வட்டியும் கட்டணமும் யாரையும் விடுவதில்லை.

அமெரிக்காவில் இம்முறை வேறுவிதமாக இருக்கிறது. அங்கே சுதந்தரமாக வேலை செய்து தருபவருக்குக் கொடுக்கும் பணத்தில் பொதுவாகப் பிடித்தமே கிடையாது. ஆண்டு முடிந்ததும் 1099 வரிசைப் படிவத்தில் கொடுத்த தொகையை இலாகாவுக்கும் பெற்றவருக்கும் தெரிவித்தால் போதும். 600 டாலர் என்று நெடுங்காலம் இருந்த வரம்பு, 2026-இல் கொடுக்கும் தொகைகளுக்கு 2,000 டாலராக உயர்த்தப்பட்டிருக்கிறது. வரி எண் தராதவருக்கு மட்டும் நூற்றுக்கு 24 பிடிக்கிறார்கள். நம் நாட்டிலும் பத்து வண்டிக்குட்பட்ட லாரிக்காரருக்கு நடப்பது ஏறக்குறைய இதுவே. நூற்றுக்கு 1 என்பது சர்க்காருக்குப் பெருந்தொகையன்று. யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற தகவலே அதற்கு வேண்டுவது. அத்தகவலே பெற்றவருக்கும் சாட்சியாகிறது. பாங்கில் கடன் கேட்கப் போகும் டிரெய்லர்க்காரருக்குத் தம் வருமானத்தைக் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஏதும் தேவையில்லை. சம்பளமல்லாத பட்டுவாடா பெறுவோர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பில் பான் எண்ணையும், லாரிக்காரராயின் உறுதிமொழியின் தேதியையும் எழுதி, ஒவ்வொரு பில்லின் கீழும் ஆண்டு மொத்தத்தைக் கூட்டி வைத்தால் போதும். ஒரு இலட்சம் எப்போது தாண்டுகிறது என்பது தானே தெரியும். குமாஸ்தா மாறினாலும் அடுத்து வருபவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வேலையைத் தொடரலாம். அறிக்கை அனுப்பியதும் அதன் ரசீது எண்ணை அதே பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். ஜூன் காலாண்டு அறிக்கைக்கு ஜூலை 31, செப்டம்பர் காலாண்டுக்கு அக்டோபர் 31, டிசம்பர் காலாண்டுக்கு ஜனவரி 31 கடைசி நாள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் பலரும் தவறவிடும் மார்ச்சு காலாண்டுக்கு மே 31.